இருபத்து மூன்றாவது சான்று

ஏப்ரல் 9, செவ்வாய்

ஜர்னலிலிருந்து பதில் வந்துவிட்டது. நிராகரிக்கவில்லை. மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேரும் ஏற்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். சான்றுப் பட்டியல் மட்டும் அவர்கள் முறைப்படி இல்லையாம். எழுபத்து மூன்று சான்றுகளையும் திருத்தி, ஒவ்வொன்றுக்கும் தொகுதி எண்ணும் பக்க எண்களும் சேர்த்து, மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

கைடு ஆவுடையப்பன் சாருக்கு உடனே போன் செய்தேன். "பொழச்ச போ" என்றார். "கமாவும் புள்ளியும் வைக்கிற சோலிதானம்மா. ஒரு வாரத்துல முடிச்சிரு."

எட்டு வருடங்கள். கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகப் பாடம் எடுத்துக்கொண்டே ஆற்று மட்டிச் சிப்பிகளைப் பற்றிப் பகுதி நேர ஆய்வு. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. ஜூன் 30க்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஒரு கட்டுரையாவது வெளியாகாமல் தீசிஸை வாங்கமாட்டார்கள். டாக்டர் பட்டம் இல்லாதவர்களை அடுத்த வருடம் கல்லூரியில் வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார்.

எனக்கு நாற்பத்து நான்கு வயது. வேறு எதற்கும் தகுதி வளர்த்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி வகுப்புகள். மாலை நான்கிலிருந்து ஆறு வரை பட்டியலோடு உட்கார்ந்தேன். ஏழு சான்றுகள் முடிந்தன.

ஆசிரியர் பெயர், கமா, முதலெழுத்து, புள்ளி, ஆண்டு. கட்டுரைத் தலைப்பு நேரெழுத்தில், ஜர்னல் பெயர் சாய்வெழுத்தில், தொகுதி எண் தடித்த எழுத்தில். நடுவில் எங்கே இடைவெளி, எங்கே இல்லை என்பதற்கு மட்டும் இரண்டு பக்க விதிகள்.

குடும்பப் பெயர் முதலில் வர வேண்டுமாம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்து, இல்லையென்றால் புருஷன் பெயரின் முதலெழுத்து. என் துறையில் இருக்கும் பெண்கள் பாதிப் பேர் பட்டியலில் இரண்டு ஆட்களாக இருக்கிறார்கள், கல்யாணத்துக்கு முன் ஒருத்தி, பின் ஒருத்தி. கம்ப்யூட்டருக்கு அவர்கள் ஒரே ஆள் என்று தெரியாது.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. அவியல், மாங்காய்ப் பச்சடி, பாயசம். இவருடைய அண்ணன் குடும்பம் வந்திருந்தது. ஜூலையில் அவர்கள் மகளுக்குக் கல்யாணம். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் டிவி முன்னால் உட்கார, நான் மேஜைக்குப் போனேன்.

"லீவு நாள்லயும் பரிச்சையா?" என்றார் அண்ணன் மனைவி.

"டாக்டராவுதாள்லா" என்றார் இவர். "ஆனா காய்ச்சலுக்கு மருந்து கேட்டா தர மாட்டா. மட்டிக்கு ஏதும் நோவுன்னா வாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருபத்திரண்டு வரை முடிந்தது. இருபத்து மூன்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 19, வெள்ளி

வாக்குப்பதிவு. காலையிலேயே போய்விட்டு வந்தேன். விரலில் மை காயும் வரை விசைப்பலகையைத் தொடவில்லை. 24 முதல் 41 வரை.

ஏப்ரல் 27, சனி

எழுபத்திரண்டும் முடிந்தன. நன்றாகவே செய்திருக்கிறேன். பிரிண்ட் எடுத்து அளவுகோல் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை. இப்படிப்பட்ட வேலைகள் எனக்கு வரும்.

இருபத்து மூன்றை இருந்தபடியே விட்டு அனுப்பிவிட்டேன்: செல்லத்துரை, சா., 1987. பல்கலைக்கழக ஆய்விதழ், தொகுதி 14, பக்கங்கள் 112–119.

ஏப்ரல் 30, செவ்வாய்

திரும்ப வந்துவிட்டது. எழுபத்திரண்டு சரி. "சான்று 23: சரிபார்க்க இயலவில்லை. முதல் பக்கத்தின் நகலை அனுப்பவும், அல்லது நீக்கவும்."

மே 1, புதன்

நீக்க முடியாது. ஏன் என்று எழுதி வைக்கிறேன். எனக்கே தெளிவாகட்டும்.

ஆற்றில் பதினொரு இடங்களில் நன்னீர் மட்டிகளை எண்ணினேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை அடியில் வைத்து, மணலைக் கையால் துழாவி, அகப்படுவதை எண்ணிவிட்டுத் திரும்ப அங்கேயே போடுவது. மூன்று வருடங்கள் இதைச் செய்தேன். சராசரி, சதுர மீட்டருக்கு ஆறு.

ஆறு என்றால் அதிகமா குறைவா? அதைச் சொல்வது எங்கள் துறையில் முன்பு இருந்த செல்லத்துரை சாரின் 1987 கணக்கெடுப்பு மட்டும்தான். அவருக்கு முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு ஆறாகிவிட்டது என்பதுதான் என் கட்டுரை. தலைப்பே அதுதான். அந்த ஒரு சான்றை எடுத்துவிட்டால், ஒரு பெண் மூன்று வருடம் தண்ணீரில் நின்றாள் என்பது மட்டும் மிஞ்சும்.

மே 3, வெள்ளி

பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். பாத்திமுத்து அக்கா இன்னும் அங்கேதான். நான் எம்.ஃபில். படித்த காலத்திலிருந்து என்னைத் தெரியும்.

"என்ன பிள்ள, இந்த வெயில்ல? என்ன வேணும் ஒனக்கு?"

"நம்ம ஆய்விதழ் தொகுதி பதினாலுக்கா. எண்பத்தேழு."

"அதைக் கேட்டு ஆளு வந்து பத்து வருசம் இருக்கும். இரி, தூசியத் தட்டிட்டுத் தாரேன். உனக்குத் தும்மல் வேற வரும்."

தடித்த அட்டை, உள்ளே பூச்சி அரித்த ஓரங்கள். அங்கேயே நின்று புரட்டினேன். செல்லத்துரை சார் பெயர் பொருளடக்கத்தில் இல்லை. பக்கம் 104இல் தொகுதி முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நன்கொடையாளர் பட்டியல்.

முன்னும் பின்னும் இரண்டு தொகுதிகளை எடுத்துத் தந்தார். அவற்றிலும் இல்லை.

"யாரு பேப்பர் தேடுத? செல்லத்துரை சாருதா? பாவம், நல்ல மனுசன். தொண்ணுத்தொண்ணுல போயிட்டாரு. எங்கயாச்சும் இருக்கும், நானும் பாக்கேன்."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை என்பதை இறங்கிய பிறகுதான் கவனித்தேன்.

மே 6, திங்கள்

வீட்டில் யாரும் இல்லை. இந்தச் சான்றை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தேடினேன். நாற்பத்தோரு கட்டுரைகள். கேரளத்தில் ஆறு, வங்காளத்தில் மூன்று, பிரேசிலில் ஒன்று. மணல் அள்ளுவதை எதிர்த்து ஆற்றங்கரை விவசாயிகள் கொடுத்த மனு ஒன்றிலும் இருக்கிறது: "1987இல் சதுர மீட்டருக்கு 38 மட்டிகள் இருந்த ஆறு இது."

எல்லாவற்றிலும் பக்கம் 112–119. ஒருவர்கூட அந்த இதழைத் திறந்து பார்க்கவில்லை. ஒருவர் பட்டியலிலிருந்து அடுத்தவர் எடுத்திருக்கிறார். எங்கள் லேபில் அப்படித்தான் வழக்கம். முன்னால் முடித்தவர்களின் பட்டியல் பின்னால் வருகிறவர்களுக்கு வந்து சேரும். எடுத்து ஒட்டிக்கொள்வோம்.

நாற்பத்தொன்றில் பழையது ஆவுடையப்பன் சாரின் 2006 கட்டுரை. அவர் அதை 2003இல் அவரிடம் எம்.ஃபில். செய்த ஒரு மாணவியின் ஆய்வேட்டிலிருந்து எடுத்திருக்கிறார். பெ. சொர்ணகலா.

மே 7, செவ்வாய்

பெ. என்றால் பெருமாள். என் அப்பா. இப்போது நான் இ. சொர்ணகலா. இ. என்றால் இசக்கிராஜ்.

எழுதிவிட்டேன். நேற்றே எழுதியிருக்கலாம். ஏப்ரல் 14 அன்றே எழுதியிருக்கலாம்.

2003 மார்ச்சில் பைண்டிங் கடையில் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். டைப் அடித்துக் கொடுத்த அக்கா கடைசித் தாளை நீட்டி, "இதுல ஒண்ணுக்கு மட்டும் பக்கம் எண் இல்ல, எடம் விட்டிருக்கேன், என்ன போடட்டும்?" என்றார். அந்தக் கட்டுரையை நான் பார்த்ததே இல்லை. சார் வாயால் சொன்னதுதான்: செல்லத்துரை எண்பத்தேழில் எண்ணினார், முப்பத்தெட்டு வந்தது, நம் ஆய்விதழுக்கு அனுப்பினார், வந்திருக்கும், போட்டுக்கொள். ஆண்டைக் கணக்குப் போட்டுத் தொகுதி எண்ணைக் கண்டுபிடித்திருந்தேன். நூலகம் அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். கடையில் எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள்.

"நூத்திப் பன்னெண்டுலருந்து நூத்திப் பத்தொம்பது" என்றேன்.

எட்டுப் பக்கம். அப்படிப்பட்ட கட்டுரைக்குச் சரியான நீளம் என்று தோன்றியது. தயங்கவே இல்லை. அதுதான் இப்போது நினைவுக்கு வருகிறது.

மே 10, வெள்ளி

சார் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. முழங்கால் வலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"சார், செல்லத்துரை சார் பேப்பர் அச்சுல வரவே இல்ல."

"யாரு சொன்னா?"

"நானே போய்ப் பார்த்தேன் சார். தொகுதி நூத்தி நாலாம் பக்கத்துல முடிஞ்சிருது."

"அப்படியா?" என்று கொஞ்ச நேரம் எண்ணெயைத் தேய்த்தார். "நான் ஒன் டிசர்டேஷனப் பாத்துல்லா எடுத்தேன். பக்கமெல்லாம் போட்டிருந்தியே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏ யம்மா! அமுக்குணிக் கள்ளி. இருவத்தோரு வருசமா என்னைய ஏமாத்திருக்கியே."

"சிரிக்காதீங்க சார்."

"அழச் சொல்லுதியா? இங்க பாரு, செல்லத்துரை எண்ணுனது நெசம். நான் கூடவே தண்ணில நின்னேன். கரையேறி நோட்டுல எழுதுனதே நான்தான்."

"அந்த நோட்டு இருக்கா சார்?"

"தொண்ணுத்திரண்டு வெள்ளத்துல டிபார்ட்மெண்டே முங்குச்சே, அதுல போச்சு."

"முப்பத்தெட்டுன்னு உங்களுக்கு நிச்சயமா ஞாபகம் இருக்கா?"

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"முப்பத்தெட்டோ, இருவத்தெட்டோ. நெறைய இருந்துச்சும்மா. காலு வைக்க எடம் இல்ல. இன்னிக்கு ஒன் கணக்கு ஆறு. கொறஞ்சது கொறஞ்சதுதானே? அந்த முப்பத்தெட்ட நீ இப்ப பொய்யின்னு சொன்னேன்னு வையி, யாருக்கு லாபம்? மணல் அள்ளுதானே, அவனுக்குத்தான். 'பாத்தியா, ஆத்துல எப்பவுமே ஆறுதான்'னு வக்கீல் வச்சிச் சொல்லுவான்."

அவர் மனைவி காபி கொண்டுவந்தார். சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன்.

மே 11, சனி

அந்த ஆற்றில் மட்டி குறைந்திருக்கிறதா என்று இப்போது யாருக்கும் தெரியாது. குறைந்திருக்கலாம். குறைந்திருக்கும். ஆனால் தெரியாது. நாற்பத்தோரு பேர் தெரியும் என்று எழுதியிருக்கிறார்கள்.

மே 14, செவ்வாய்

இவருடைய அண்ணன் மகளின் கல்யாணப் பத்திரிகை மாதிரியைக் கொண்டுவந்து கொடுத்தார். தங்கள் நல்வரவை விரும்பும் பட்டியலில் மூன்றாவது வரி: முனைவர் சொர்ணகலா இசக்கிராஜ்.

"இன்னும் கிடைக்கலையே" என்றேன்.

"ஜூலைக்குள்ள வந்துரும்லா?" என்றார் இவர். "நான்தான் போடச் சொன்னேன். எட்டு வருசமா வீட்டுல ஒரே நாத்தம், சிப்பி நாத்தம். அதுக்கு ஒரு பேராச்சும் வேண்டாமா?"

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. அவரிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "எழுத்துப் பிழை ஏதும் இருக்கா, நீதான் படிச்சவ, பாத்துச் சொல்லு" என்றார். பார்த்தேன். மணமகனின் ஊர்ப் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது. சொன்னேன்.

மே 16, வியாழன்

ஜர்னலுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் எல்லாவற்றையும் எழுதினேன். பைண்டிங் கடை வரை. நீளமாகிவிட்டது. இரண்டாவதில் கடையை எடுத்தேன். மூன்றாவதை அனுப்பினேன்: "சான்று 23 அச்சில் வெளிவரவில்லை என்று தெரிகிறது. தொகுதி, பக்க விவரங்கள் ஏதோ ஒரு கட்டத்தில் தவறாகச் சேர்க்கப்பட்டுள்ளன. என்ன செய்யலாம் என்று தெரிவிக்கவும்."

ஏதோ ஒரு கட்டத்தில். சுருக்கமாக எழுதுவது நல்லதுதான். யார் சேர்த்தது என்று அவர்கள் கேட்டால் சொல்லிவிடுவேன்.

மே 22, புதன்

கேட்கவில்லை.

"விளக்கத்துக்கு நன்றி. இத்தகைய நிலையில் அத்தகவலைத் 'தனிப்பட்ட தகவல்' எனக் கட்டுரைக்குள் குறிப்பிடலாம். தகவலை அளிப்பவரின் கையொப்பமிட்ட கடிதம் தேவை. தனிப்பட்ட தகவல்கள் சான்றுப் பட்டியலில் இடம்பெறா. எனவே வரிசை எண்களை மாற்றி அமைக்கவும்."

முறை இருக்கிறது. இதற்கும் ஒரு முறை இருக்கிறது.

மே 24, வெள்ளி

சார் கையெழுத்துப் போட்டார். நான் டைப் அடித்துக்கொண்டு போன தாளில் எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். அவரே நிரப்பட்டும் என்று. பேனாவைத் திறந்தபடி, "எத்தன போடணும்?" என்று கேட்டார்.

"நீங்கதான் சார் சொல்லணும்."

"அதான் எல்லாத்துலயும் முப்பத்தெட்டுன்னு இருக்கே. மாத்திப் போட்டா நல்லாவா இருக்கும்?" 38 என்று எழுதினார். அழகான கையெழுத்து அவருக்கு.

மே 25, சனி

24ஐ 23 ஆக்கி, 25ஐ 24 ஆக்கி, எழுபத்திரண்டு வரை. கட்டுரைக்குள்ளும் எல்லா இடத்திலும். நாள் முழுவதும் ஆனது. முடித்த பிறகு பார்த்தால் அங்கே ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

ஏற்றுக்கொண்டார்கள். சாருக்குச் சொன்னேன். இவருக்குச் சொன்னேன். அல்வா வாங்கி வந்தார். டிவியில் நாள் பூரா தேர்தல் முடிவு. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

ஜூன் 11, செவ்வாய், காலை 10

அச்சுப்படி வந்திருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் இரண்டு நெடும்பத்திகளாக, மேலே என் பெயர். பிழை இருந்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கடைசி வரி: "பதில் வராவிட்டால் ஒப்புதல் அளித்ததாகக் கருதி வெளியிடப்படும்."

நான்காம் பக்கத்தில் முப்பத்தெட்டு என்று சொல்லும் அந்த வாக்கியம் இருக்கிறது. அதை நீக்கச் சொல்ல இன்னும் முடியும். நீக்கினால் தலைப்பை மாற்ற வேண்டும். தலைப்பை மாற்றினால் மறுபடியும் மதிப்பீட்டுக்குப் போகும். ஜூன் 30 போய்விடும்.

நாற்பத்தெட்டு மணி நேரம் இருக்கிறது. அவசரப்பட வேண்டாம்.

ஜூன் 12, புதன்

இட்லிக்கு அரைத்தேன். பருத்திப் புடவைகளுக்குக் கஞ்சி போட்டேன். பீரோவின் மேல் தட்டை ஒழித்தேன். பழைய மருந்துகளைத் தேதி பார்த்துத் தூக்கிப் போட்டேன். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். கல்லூரி திறப்பதற்குப் பாடக்குறிப்புகளை எடுத்து வைத்தேன். மாலையில் இவரோடு ஜவுளிக்கடைக்குப் போனேன், கல்யாணத்துக்குப் புடவை எடுக்க. பச்சை வேண்டுமா ஊதா வேண்டுமா என்று கேட்டார்கள். எதுவானாலும் சரி என்றேன். கடைக்காரப் பெண் சலித்துக்கொண்டு, "நீங்க சொன்னாதானக்கா எடுக்க முடியும்" என்றாள்.

ஜூன் 13, வியாழன்

காலை எட்டரைக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒன்பதுக்கு மிக்ஸி ரிப்பேர்காரர் வந்தார். பிளேடு தேய்ந்துவிட்டதாம். அவர் போகும்போது பத்தே கால்.

ஜூன் 18, செவ்வாய்

இணையத்தில் வெளியாகிவிட்டது. சார், "வாழ்த்துகள் டாக்டரம்மா" என்று செய்தி அனுப்பியிருக்கிறார். கைகூப்பும் படம் மூன்று.

ஜூன் 24, திங்கள்

தீசிஸைப் பல்கலைக்கழகச் சரிபார்ப்புக்குக் கொடுத்தேன். ஒரே ஒரு குறை சொல்லித் திருப்பிவிட்டார்கள். தீசிஸில் தனிப்பட்ட தகவல் கூடாது, ஒவ்வொரு எண்ணுக்கும் வெளியான சான்று வேண்டும். 38 என்ற எண்ணுக்குச் சான்று இல்லை.

சாருக்குப் போன் செய்தேன். "இதுல என்னம்மா கொழப்பம்?" என்றார். "அதான் ஒன் பேப்பர் வந்துட்டுல்லா? அதையே போடு."

ஜூன் 26, புதன்

போட்டேன். சொர்ணகலா, இ., 2024. தொகுதி, பக்கங்கள் எல்லாம் இருக்கின்றன. யார் தேடினாலும் கிடைக்கும்.

நூலகத்தில் சரிபார்ப்பு மேஜையில் இன்று பாத்திமுத்து அக்காதான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கித் திரையைக் கடைசி வரை உருட்டிப் பார்த்தார்.

"எல்லாம் பச்சையா வந்துட்டு பிள்ள. ஒண்ணுகூடச் செவப்பு இல்ல. நாளைக்கே கொண்டு குடுத்துரு." சான்றிதழில் முத்திரை வைத்தார். பிறகு நிமிர்ந்தார். "ஆமா, அன்னிக்குத் தேடுனியே, செல்லத்துரை சார் பேப்பர். எனக்கு மனசே ஆறல. பழைய கட்டெல்லாம் பிரிச்சுப் பாத்துட்டேன், ஒரு வாரமா. எங்கயும் காணல. ஒனக்குக் கிடைச்சுதா?"

"கிடைச்சுட்டுக்கா" என்றேன்.

"அல்லாவே, நல்லதாப் போச்சு" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.